அத்தை விட்டுப்போன குயில்ட் பிளாக்குகள்: எப்படி முடிப்பது?

நூல்கண்டு (நங்கநல்லூர்)

வணக்கம். என் அத்தை, அப்பாவின் அக்கா, போன வருஷம் காலமானார். அவருடைய தையல் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. போர்வையாக முடியாத குயில்ட் பிளாக்குகள் (ஒட்டுத்துணிப் போர்வைக்காகச் சேர்த்துத் தைத்த துண்டுகள்) அதில் இரண்டு வகை.

முதல் வகை அத்தையே கையால் தைத்தது. அறுகோணத் துண்டுகளை ஏழு ஏழாகச் சேர்த்த பூக்கள். எல்லாம் டூ பை டூ ரூபியா என்கிற மெல்லிய பருத்தி. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள். அளவு பத்தாது என்று மற்றவர்கள் ஒதுக்கியதை எல்லாம் அத்தை கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். பாதிப் பூக்களுக்குள், வடிவம் நிற்க வைத்த காகிதம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வகை, மகன் வீட்டுக்கு ஒஹையோ போயிருந்தபோது ஒரு சர்ச் விற்பனையில் கட்டாக வாங்கி வந்தது. ஒன்பது கட்டம் போட்டவை கொஞ்சம், வட்டத் தட்டுபோல இதழ் வைத்தவை கொஞ்சம். யார் தைத்தது என்று அத்தைக்கே தெரியாது. ஒன்று 12 இன்ச் இருக்கிறது, இன்னொன்று பன்னிரண்டே முக்கால். சிலவற்றில் ஓரம் அலை அலையாக நிற்கிறது. இங்கங்கே மஞ்சள் கறை.

முதலில் துவைப்பதா, தைப்பதா? அளவை எப்படிச் சமன் செய்வது? மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில், நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக என்ன வைப்பது? "அவங்க கை பட்டது, அப்படியே பீரோவில இருக்கட்டும்" என்கிறார் அம்மா. எனக்கு அது யாராவது போர்த்திக்கொள்கிற போர்வையாக வேண்டும்.

ஊசிமுனை (மயிலாப்பூர்)

போர்வையாக வேண்டும் என்று நீ நினைக்கிறது சரிம்மா. உங்க அத்தை காகிதம் வெட்டி, துணி மடிச்சு, பூ பூவா சேர்த்து வெச்சது ஒரு நாள் விரிச்சுப் போடத்தான்.

ஆனால் தண்ணீர்ல போடாதே, இப்போதைக்கு. தைக்காத பிளாக்கைத் துவைச்சா சுத்தி இருக்கிற கால் இன்ச் விளிம்பு பிசிறிப் பிசிறி நூலாப் போயிடும். அப்புறம் தைக்கப் பிடிமானமே இருக்காது. முதல்ல எல்லாத்தையும் வெள்ளைப் படுக்கை விரிப்பு மேல பரப்பு. ஒவ்வொண்ணையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பார். இழை விட்டுப்போன இடம், பூச்சி அரிச்ச ஓட்டை, தையல் விட்ட மூலை எல்லாம் அப்பத்தான் தெரியும். தையல் மட்டும் விட்டிருந்தா ஒண்ணும் பிரச்சினை இல்லை, துணி விட்டிருந்தா தனியா வை. விளிம்புத் துணியை ரெண்டு விரலால மெதுவா இழுத்துப் பார்த்தாலே பலம் தெரிஞ்சிடும்.

அந்த மஞ்சள் கறைக்கு பிளீச் கிட்டவே போகாதே.

காடாத்துணி (பெரம்பூர்)

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. எங்க அப்பா தையல்காரர், நானும் அதே மிஷின்லதான் உக்கார்றேன், அதனால சொல்றேன். டூ பை டூன்னு நெனைக்கிறது எல்லாமே டூ பை டூ இருக்காது. வெச்சுக் குடுக்கிற பிட்டுல டெரிகாட்டன், பாலியஸ்டர், நைலக்ஸ் எல்லாம் கலந்து வரும். பருத்தி பக்கத்துல நைலக்ஸ் உக்காந்தா, பருத்திக்கு வெக்கிற சூட்டுல இஸ்திரி போட்டதும் அது சுருண்டுக்கும். சந்தேகமா இருக்கிற துணியோட விளிம்புல ஒரு இழை மட்டும் உருவி, இடுக்கியில புடிச்சு நெருப்புல காட்டுங்க. காகிதம் எரியிற வாசனை வந்து மெத்துனு சாம்பல் உதிர்ந்தா பருத்தி. உருகி கெட்டியா மணி மாதிரி நின்னா சிந்தெடிக்.

சாயம்: வெள்ளைப் பருத்தித் துணியை ஈரம் பண்ணி ஒவ்வொரு கலர் மேலயும் ஒரு நிமிஷம் அழுத்துங்க. ஒட்டுச்சுன்னா அந்தத் துண்டு பிற்பாடு பக்கத்து வெள்ளையைக் கெடுக்கும். சேப்பு, கருநீலம், மெரூன் மூணையும் விடாம பாருங்க.

வெள்ளிக்கிழமை

சாயம் போகாம இருக்க உப்பும் வினிகரும் போட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சா போதும், எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான்.

காடாத்துணி (பெரம்பூர்)

சாயப்பட்டறையில உப்பு போடறது சாயம் துணிக்குள்ள ஏறணும்னு. ஏறி முடிஞ்சு வருஷக்கணக்கா ஆன துணியில உப்பும் வினிகரும் எதையும் புடிச்சு நிறுத்தாது. புதுத் துணிய ஊற வெச்சா மேலாப்புல நிக்கிற மிச்சச் சாயம் அந்தத் தண்ணியில போகுது, அதனால அடுத்த தடவை கம்மியா போற மாதிரி தெரியுது. பிளாக்குல அதையே செஞ்சா அந்த மிச்சச் சாயம் பக்கத்துத் துண்டுல போய் உக்காரும்.

நம்ம ஊர் செக்குத் துணி விஷயமே அதுதானே. 1960கள்ல அமெரிக்காவுல பிளீடிங் மெட்ராஸ்னு பேர் வெச்சு, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி ஒண்ணோடொண்ணு கலக்கிறதையே அழகுன்னு சொல்லி சட்டை வித்தாங்க. சட்டைக்கு அது சரி. முகம் தெரியாத யாரோ ஒருத்தங்க வெள்ளைப் பின்னணியில இதழ் இதழா வெச்சுத் தைச்ச பிளாக்குக்கு ஆகாது.

பழம்புடவை (அடையாறு)

பழந்துணிப் பாதுகாப்பு படித்தவள், அருங்காட்சியகத் துணிகளோடு வேலை செய்கிறேன். எனவே என் கருத்து கொஞ்சம் கறாராக இருக்கும்.

அந்தக் காகிதங்களைத் தயவுசெய்து அவசரப்பட்டு உருவ வேண்டாம். அறுகோணத் தையலில் உள்ளே வைக்கும் காகிதம் பெரும்பாலும் வீட்டில் கிடைத்ததாகத்தான் இருக்கும்: கடிதம், கணக்கு நோட்டு, செய்தித்தாள். முடியாமல் நின்ற பழைய குயில்ட்டுகளுக்குக் காலம் கணிக்கும்போது நாங்கள் தேடுவதே அதைத்தான். பின்பக்கத்தை ஒவ்வொரு பூவாகப் புகைப்படம் எடுங்கள், எந்தப் பூவில் எந்தக் காகிதம் என்று எண் போட்டு எழுதி வையுங்கள். தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒஹையோ பிளாக்குகளில் பழுப்பும் கறுப்பும் இருந்தால் தனியாகப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நிறங்களை இரும்பு உப்புகளோடு சேர்த்து ஏற்றினார்கள். அந்த இரும்பே வருஷம் போகப் போக இழையை அரித்துவிடும். சுற்றியுள்ள துணி நன்றாக இருக்க, பழுப்புப் பூ மட்டும் பொடியாக உதிர்ந்து ஓட்டை விழுந்த துணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிளாக்கைப் போர்வையில் சேர்த்தால் நாலு துவையலுக்குத் தாங்காது. எனக்கு அம்மாவின் பக்கமும் நியாயமாகத் தெரிகிறது. சிலதை அப்படியே வைப்பதும் மரியாதைதான்.

சிகாகோ_குளிர்

ஒஹையோ பிளாக்குகளோட படம் போட முடியுமா? வெளிர் பச்சை, பப்பாளி ஆரஞ்சு, சின்னச் சின்னப் பூ அச்சு, வெள்ளைப் பின்னணி என்றால் 1930களாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தட்டு டிசைனுக்கு டிரெஸ்டன் பிளேட் என்று பெயர். 1920, 30களில் இங்கே வீட்டுக்கு வீடு தைத்தார்கள். உங்க அத்தை தைத்த அறுகோணப் பூவும் அதே காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்ததுதான், கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன் என்பார்கள். கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை குயில்ட் மாதிரிகளை அச்சிட்டு வந்தது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான் பல பேர் தைத்தார்கள்.

மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்திச் சாக்கைப் பிரித்து உடுப்பு தைத்த காலமும் அதுதான். பெண்கள் அந்தத் துணிக்காகவே வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிகள் சாக்கிலேயே பூ அச்சடித்து அனுப்பின. உங்க பிளாக்கில் ஏதாவது ஒரு துண்டு கொஞ்சம் முரடாக, ஒரு ஓரத்தில் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது சாக்கின் சங்கிலித் தையல் பிரித்த தடம். அந்த ஓட்டையை அடைக்காதீங்க, கிழிசல் இல்லை அது.

நூல்கண்டு (நங்கநல்லூர்)

எல்லோருக்கும் நன்றி. நெருப்புச் சோதனையில் நிறையத் துணி பருத்திதான். ஒரு பளபள ரோஜா நிறமும் ஒரு கிளிப்பச்சையும் உருகின. ஒஹையோ கட்டில் பச்சையும் ஆரஞ்சும்தான் அதிகம், பழுப்பு இல்லை. இரண்டு பிளாக்கில் அந்த ஓட்டை வரிசை அப்படியே இருக்கிறது!

பழம்புடவை சொன்னபடி காகிதங்களைப் படமெடுத்தேன். வார இதழ்த் தாள், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் பூசிய ஓரம், மளிகை லிஸ்ட். ஒரு பூவில் ஏழும் நீல நிற இன்லேண்ட் கடிதம். கையெழுத்து தாத்தாவுடையது. "மழை இல்லை" என்று ஒரு துண்டில், "சௌக்கியம்" என்று இன்னொன்றில். அத்தை அவர் கடிதத்தை ஏன் வெட்டினார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. படித்ததும் அம்மா அந்தப் பூவை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

ஊசிமுனை (மயிலாப்பூர்)

அந்தப் பூ அம்மாகிட்டயே இருக்கட்டும். கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டறதானா முன்னும் பின்னும் தெரியற மாதிரி மாட்டுங்க, வெயில் நேராப் படாத சுவரா இருக்கணும்.

மத்தப் பூக்களோட காகிதத்தை எடுக்காம போர்வை ஆக்க முடியாது. போர்த்தினா சரசரக்கும், ஒரு துவையல்ல கூழாப் போகும். வார இதழ்த் தாள் மட்டமான தாள், அதுல இருக்கிற புளிப்பு துணியைப் பழுப்பாக்கிடும், மையும் ஏறும். இத்தனை வருஷம் உள்ளே இருந்ததே ஜாஸ்தி. எடுக்கிற முறை: ஒரு அறுகோணத்தைச் சுத்தி ஆறு பக்கமும் பக்கத்துத் துண்டு தைச்சு முடிஞ்சிருந்தாத்தான் அதோட காகிதத்தை உருவலாம். வெளி ஓரத்துல நிக்கிறதை உருவினா மடிப்பு விரிஞ்சு வடிவம் போயிடும். முதல்ல நடுத்துண்டு. அப்புறம் நீ அடுத்த சுத்து 12 துண்டு சேர்க்கச் சேர்க்க, உள்சுத்து ஆறுக்கும் விடுதலை. அதுக்கு அடுத்த சுத்து 18 வரும். உருவின காகிதத்தை எண் போட்டு உறையில வை.

பழம்புடவை (அடையாறு)

காகிதத்தில் அமிலம் இருப்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு மூன்று பூக்களையாவது, காகிதமும் டாக்கா நூலும் (துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் தையல்) சேர அப்படியே வைக்கச் சொல்வேன். அத்தை எப்படி வேலை செய்தார் என்பதற்கு அதுதான் சாட்சி: எவ்வளவு நீளத் தையல் விட்டார், மூலையை எந்தப் பக்கம் மடித்தார், எந்த நூலை வீணாக்காமல் டாக்கா போட எடுத்தார். முடிந்த போர்வையில் இதெல்லாம் உள்ளே மறைந்துவிடும்.

கிழக்குத்தாம்பரம்_அக்கா

நாங்க சில பேர் சேர்ந்து, ஆளாளுக்குக் கொடுக்கிற பிளாக்குகளை வாங்கி முதியோர் இல்லத்துக்குப் போர்வை தைக்கிறோம். கையும் அளவும் துணியும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால உங்க அளவுப் பிரச்சினை எங்களுக்குத் தினப்படி வேலை.

பெரிய பிளாக்கைச் சின்னதோட அளவுக்கு வெட்டாதீங்க. வெட்டினா அவங்க பார்த்துப் பார்த்து வெச்ச முனைகள் எல்லாம் அறுந்து போகும். எல்லா பிளாக்கையும் சுத்தி ஒரே துணியில ரெண்டு இன்ச் பட்டை வெச்சுத் தைங்க. தைச்ச பிறகு அந்தப் பட்டையை மட்டும் வெட்டி, எல்லாத்தையும் பதினாலரைக்கு ஒரே சதுரமாக் கொண்டு வாங்க. சேர்த்துத் தைச்சதும் 14 நிக்கும். சின்ன பிளாக்குக்குப் பட்டை கொஞ்சம் அகலமா, பெரிசுக்கு ஒல்லியா தெரியும். கண்ணுக்கு அது உறுத்தாது. பிளாக் கோணலா இருந்தா பட்டை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

பட்டைக்கும் பின்பக்கத்துக்கும் எழும்பூர் பாந்தியன் ரோட்டுல காட்டன் ஸ்ட்ரீட் போங்க. காடாவும் கைத்தறிச் செக்கும் மீட்டர் கணக்குல கிடைக்கும். வாங்கின உடனே ஊற வெச்சு, நனைச்சு, காய வெச்சு, இஸ்திரி போட்டு அப்புறம்தான் வெட்டணும். சுருங்காத கைத்தறி நான் பார்த்ததில்லை.

அலை அலையா நிக்கிற ஓரத்துக்கு: துணியை இழைக்குக் கோணலா, மூலைவாக்குல வெட்டினதால வந்தது அது. இழுக்காதீங்க. தண்ணிக் கஞ்சியில நனைச்சு, கையால தட்டிச் சதுரமாப் பரப்பி, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காம தூக்கித் தூக்கி வெச்சு அழுத்துங்க. போர்வை தைச்சு முடிச்சதும் கஞ்சி போக அலசிடணும், இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வரும்.

வேளச்சேரி_வீடு

படிக்கும்போதே கை பரபரக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் டிரங்குப் பெட்டி முழுக்க நனைந்தது, அதில் மாமியார் தைத்த துண்டுகளும் இருந்தன. சேறு போய்விட்டது, கறுப்புப் பூஞ்சைப் புள்ளி போகவில்லை. அந்த இடங்களின் மேல் வேறு துணியில் இலை வெட்டி வைத்துத் தைத்து, இன்று என் பேரன் அதில்தான் தூங்குகிறான். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் கவரில் காற்றில்லாமல் மூடியும் வைக்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி உயரத்தில் வைத்தால் போதும்.

நூல்கண்டு (நங்கநல்லூர்)

பூ பிளாக்குகளில் சிலவற்றில் அத்தையின் கடைசி காலத் தையல் தெரிகிறது. கண் மங்கியிருந்தது. தையல் நீளமாக, இடைவெளி விட்டு, இரண்டு இடத்தில் நிறம் மாறி வைத்திருக்கிறார். அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாமா என்று யோசிக்கிறேன். இளவயதில் அவர் தைத்தது அவ்வளவு சீராக இருக்கிறது, இது அவருக்குக் குறையாகிவிடுமோ என்று.

காடாத்துணி (பெரம்பூர்)

பிரிக்காதீங்கம்மா. அவிழாம இருக்க அதே தையல் மேல இன்னொரு ஓட்டு ஓட்டுங்க, அவ்வளவு போதும்.

சிகாகோ_குளிர்

நானும் பிரிக்கவே கூடாது என்பேன். அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பினத்தவர் கிராமம். அங்கே பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளைக் கொண்டே தலைமுறை தலைமுறையாகக் குயில்ட் தைத்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்பவர் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குயில்ட் தைத்தார், அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள. முட்டி தேய்ந்த இடம், வெளிறின இடம், கறை எல்லாம் அப்படியே அதில் இருக்கிறது. கோடுகள் நேராக இல்லை. 2002இல் அந்தக் கிராமத்துக் குயில்ட்டுகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன, பிறகு நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில். 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தன. அந்தக் கோடுகளை யாராவது நேராக்கியிருந்தால் நாம் இன்று பார்க்க எதுவும் இருந்திருக்காது. கண் மங்கின பிறகும் உங்க அத்தை ஊசி பிடித்தார் என்பது அந்த நீளத் தையலில்தான் இருக்கிறது.

பழம்புடவை (அடையாறு)

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள். நிறம் மாறி வைத்ததையும்.

ஊசிமுனை (மயிலாப்பூர்)

நடுவுல என்ன வைக்கிறதுன்னு கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலை. கடையில விக்கிற பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு சென்னைக்கு வேண்டாம், மார்கழியிலேயே வேர்க்கும். இலவம் பஞ்சும் வேண்டாம். தலையணைக்கு அது நல்லது, ஆனா வழுக்குற பஞ்சு, தையல் கட்டத்துக்குள்ள நிக்காம ஒரு மூலையில போய்ச் சேரும். நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன நாலு முழ வேட்டியோ, பழைய நூல் புடவையோ ஒரு மடிப்பு வை. வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் அப்படித்தான், பழைய புடவை மேல புடவை அடுக்கித் தைக்கிறது. ஏசி போட்டுத் தூங்கறவங்களுக்கும் அது போதும், வெறும் காத்துல தூங்கறவங்களுக்கும் பாரம் இல்லை.

மூணு அடுக்கையும் சேர்த்துக் கையால நூலோட்டத் தையல் போடு. ரூபியா மெல்லிசுத் துணி, தடிச்ச ஊசி ஓட்டை போட்டுடும். கைக்கு 10ஆம் நம்பர், மிஷின்னா 11. பருத்தி நூலே எடு. பழந்துணியை விட நூல் பலமா இருந்தா, இழுபடும்போது அறுறது துணியாத்தான் இருக்கும். அடர் நிறத் துண்டோட விளிம்பு வெளிர் நிறத்துக்கு அடியில போனா மேலே நிழலடிக்கும், அதனால இஸ்திரி போடும்போதே விளிம்பை அடர் பக்கமாச் சாய்ச்சிடு.

துவைக்கிறது கடைசியில. அகலமான டப்பில கொசுவலைத் துணியை விரிச்சு, அது மேல போர்வையை மடிச்சு வெச்சு முக்கு. தூக்கும்போது வலையைத் தூக்கு, ஈர பாரத்துல தையல் இழுபடாது. நங்கநல்லூர்ல போர் தண்ணியா? இரும்பு ஜாஸ்தின்னா செம்மண் கலர்ல புள்ளி விழும். கடைசி அலசலையாவது மெட்ரோ வாட்டர்ல செய். முறுக்காதே, நிழல்ல பரப்பிக் காய வை.

நூல்கண்டு (நங்கநல்லூர்)

முடிவு பண்ணிவிட்டேன். அத்தையின் பூக்கள் நடுவில், ஒஹையோ பிளாக்குகள் காடாப் பட்டையோடு சுற்றிலும். உருகின இரண்டு நிறமும் உள்ள பூக்களையும், இன்னும் இரண்டு பூக்களையும் காகிதத்தோடு அப்படியே வைக்கிறேன். நடுவில் அப்பாவின் வேட்டி. அம்மாவே எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு மூலையில் அத்தையின் பெயரை நூலால் எழுதப் போகிறேன், அதற்குக் கீழே "ஒஹையோவில் பெயர் தெரியாத ஒருவரும்" என்று.

இன்னொன்று. ஒன்பது கட்ட பிளாக்குகளில் கொஞ்சம் மிஞ்சும். கிழக்குத்தாம்பரம் அக்கா, உங்கள் குழுவுக்கு ஆகுமா?

கிழக்குத்தாம்பரம்_அக்கா

கண்டிப்பா. துவைக்காம, விளிம்பை வெட்டாம, இருக்கிறபடியே கொடுங்க. எங்ககிட்ட பச்சைக் கைத்தறிச் செக்கு ஒரு கட்டு இருக்கு, அந்த வெளிர் பச்சைக்குப் பட்டையா சேரும்னு தோணுது. தாம்பரம் வரைக்கும் வர முடியலைன்னா ஞாயித்துக்கிழமை நான் பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் வருவேன், அங்கேயே வாங்கிக்கறேன்.